கைக்குள் அடங்காத சில்லு

கையடக்கக் கருவிகளின் பிராசசர் சந்தைக்குள் நுழைய இன்டெல் இரண்டு முறை முயன்றது. 1998இல் தொடங்கிய முதல் முயற்சியில் பிறர் வகுத்த கட்டளைத் தொகுப்பை எடுத்துக்கொண்டு இறங்கியது. நல்ல இடமும் கிடைத்தது. ஆனால் 2006இல் அந்தப் பிரிவையே விற்றுவிட்டது. 2008இல் தொடங்கிய இரண்டாவது முயற்சியில் தன் சொந்தக் கட்டளைத் தொகுப்பைக் கைப்பேசிக்குள் கொண்டுபோகப் பார்த்தது. பல நூறு கோடி டாலர் செலவழித்தும் காலூன்ற முடியாமல் 2016இல் கைவிட்டது. உலகின் மிகப் பெரிய சில்லு நிறுவனங்களில் முன்னணியில் இருந்த காலத்திலேயே இரண்டும் நடந்தன. திறமைக் குறைவு என்று காரணம் சொல்லிவிட முடியாது. கம்ப்யூட்டர் வியாபாரத்துக்குப் போட்ட கணக்கை வைத்தே கைப்பேசிக்கும் முடிவெடுத்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

ஒரு பிராசசருக்குப் புரியும் ஆணைகளின் பட்டியலே கட்டளைத் தொகுப்பு. ஒரு தொகுப்புக்கு எழுதிய மென்பொருள் இன்னொன்றில் நேரடியாக ஓடாது. இன்டெல்லின் எக்ஸ்86 தொகுப்பு 1978இல் வந்த 8086 சில்லில் தொடங்கியது. ஐபிஎம் 1981இல் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டர் அதே குடும்பத்துச் சில்லான 8088ஐப் பயன்படுத்தியது; பிறகு டாஸ், விண்டோஸ் என்று உலகத்து மென்பொருளெல்லாம் அதன்மேல் குவிந்தது. பழைய மென்பொருள் எதுவும் நின்றுபோகக் கூடாது என்பதால் ஒவ்வொரு தலைமுறைச் சில்லும் தன் பாட்டன் காலத்து ஆணைகளையும் சுமந்து வந்தது. அந்த ஆணைகளின் நீளமும் ஒன்றுபோல் இல்லை. ஒரு பைட்டில் முடிவதும் உண்டு, பதினைந்து பைட் நீள்வதும் உண்டு. அவற்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளவே தனிச் சுற்றுகள் வேண்டியிருந்தன. சுவரில் செருகி, விசிறி வைத்துக் குளிரூட்டி ஓட்டும் மேசைக் கம்ப்யூட்டரில் அந்தச் சுமை ஒரு பொருட்டில்லை.

சட்டைப்பையில் கிடக்கும் கருவிக்கு நிலைமை வேறு. அது பேட்டரியில் ஓட வேண்டும், கையைச் சுடக் கூடாது, நாளின் பெரும்பகுதி சும்மா கிடந்தாலும் அழைப்பு வந்ததும் விழிக்க வேண்டும். இந்தத் தேவைகளுக்குப் பொருந்திய வடிவமைப்பு, கைப்பேசிகள் பரவுவதற்கு முன்பே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சிறிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் பிறந்தது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ஆர்ம் சில்லு 1985 ஏப்ரலில் முதன்முதலாக இயங்கியது. பேட்டரி அப்போது அவர்கள் மனதில் இல்லை. பீங்கான் உறைக்குச் செலவழிக்க ஏகார்னிடம் பணமில்லை. மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் உருகாமல் இருக்க வேண்டுமென்றால் மின் செலவு ஒரு வாட்டுக்குள் நிற்க வேண்டும். அந்த அச்சத்தில் மிச்சப்படுத்தியது எதிர்பார்த்ததை விட அதிகமாகவே மிச்சமானது. சோதனைப் பலகையில் மின் இணைப்பே கொடுக்காமல் விட்டிருந்தபோதும், மற்றச் சுற்றுகளிலிருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே சில்லு ஓடிக்கொண்டிருந்ததை ஃபர்பர் கண்டார்.

1990 நவம்பரில் ஏகார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ டெக்னாலஜி மூன்றும் சேர்ந்து ஆர்மைத் தனி நிறுவனமாக்கின. பன்னிரண்டு பொறியாளர்களோடு கேம்பிரிட்ஜுக்கு அருகே ஒரு பழைய தானியக் களஞ்சியத்தில் அது வேலையைத் தொடங்கியது. சில்லு ஆலை கட்ட வழியில்லாததால் வடிவமைப்பை மட்டும் உரிமம் கொடுத்து, விற்கும் ஒவ்வொரு சில்லுக்கும் சிறு ராயல்டி வாங்கும் முறைக்குப் போனது. வாங்கியவர்கள் அந்தக் கருவைச் சுற்றித் தங்களுக்கு வேண்டிய மோடம், ஒலி, திரைச் சுற்றுகளைச் சேர்த்து ஒரே சில்லாக அடித்துக்கொண்டார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அப்படித்தான் நோக்கியாவுக்குச் சில்லு செய்து கொடுத்தது. 1990களின் இறுதியில் வந்த நோக்கியா 6110க்குள் இருந்தது ஆர்ம்.

இன்டெல்லுக்கு ஆர்ம் வந்து சேர்ந்தது திட்டமிட்டதல்ல, ஒரு வழக்கின் பயனாக. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் ஆர்மிடம் உரிமம் வாங்கி, தன் ஆல்ஃபா பிராசசரில் கற்ற வித்தைகளையெல்லாம் அதில் இறக்கி, 1996இல் ஸ்ட்ராங்ஆர்ம் என்ற சில்லை வெளியிட்டது. அதன் முதல் சில்லான எஸ்ஏ-110, ஒரு வாட்டுக்கும் குறைந்த மின்சாரத்தில் 200 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடியது. அன்றைய கையடக்கக் கருவிகளுக்கு அது கற்பனைக்கெட்டாத வேகம். மறு ஆண்டு, ஆல்ஃபாவின் காப்புரிமைகளை மீறியதாக இன்டெல் மீது டிஜிட்டல் வழக்குத் தொடுத்தது. அக்டோபரில் சமரசமானது. மாசசூசெட்ஸில் ஹட்சனில் இருந்த டிஜிட்டலின் சில்லு ஆலையைச் சுமார் 70 கோடி டாலருக்கு இன்டெல் வாங்கிக்கொள்ளும் என்பது உடன்பாடு. 1998இல் ஆலை கைமாறியபோது ஸ்ட்ராங்ஆர்மும் கூடவே வந்தது. ஆலைக்குக் கொடுத்த விலையில் கிடைத்த கொசுறு என்றே அதைச் சொல்லலாம்.

கொசுறுதான் என்றாலும் இன்டெல் அதை வீணாக்கவில்லை. 2000இல் வந்த காம்பேக் ஐபேக் என்ற வண்ணத்திரைக் கையடக்கக் கருவி, 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்மில் ஓடிப் பெயர் வாங்கியது. அதே ஆண்டு எக்ஸ்ஸ்கேல் என்ற புதுப் பெயரில் அடுத்த தலைமுறையை இன்டெல் அறிவித்தது. 2002இல் வந்த பிஎக்ஸ்ஏ250 முதல் 2004இல் வந்த பிஎக்ஸ்ஏ270 வரை டெல் ஆக்சிம், எச்பி ஐபேக், பாம் ட்ரியோ 650 என்று அக்கால முன்னணிக் கருவிகள் பலவற்றுக்குள் எக்ஸ்ஸ்கேல் இடம்பிடித்தது. மைக்ரோசாஃப்டின் பாக்கெட் பிசி கருவிகளில் ஏறக்குறைய அதன் ஆட்சிதான்.

அந்தக் கருவிகள் பேசவில்லை என்பதுதான் குறை. பெரும்பாலானவை நாட்குறிப்பும் முகவரிப் புத்தகமுமாகவே இருந்தன. பணம் கைப்பேசியில் இருந்தது. கைப்பேசிக்கு மோடம் வேண்டும். அதற்காகவே 1999இல் டிஎஸ்பி கம்யூனிகேஷன்ஸ் என்ற நிறுவனத்தை 160 கோடி டாலர் கொடுத்து இன்டெல் வாங்கியிருந்தது. 2003 பிப்ரவரியில் மோடம், பிராசசர், ஃபிளாஷ் நினைவகம் மூன்றையும் ஒரே சில்லில் அடக்கிய பிஎக்ஸ்ஏ800எஃப் வெளிவந்தது. கைப்பேசிச் சந்தை எங்கே போகும் என்பதைச் சரியாகவே கணித்த சில்லு அது. வந்த நேரம்தான் தவறு: ஜிபிஆர்எஸ் வரைக்கும்தான் அதற்குத் தெரியும், தயாரிப்பாளர்களோ எட்ஜ், மூன்றாம் தலைமுறை என்று அடுத்த படிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதை வாங்க ஆள் அதிகம் வரவில்லை. 2005இல் பிளாக்பெர்ரி 8700 கைப்பேசி இன்டெல்லின் சில்லை எடுத்துக்கொண்டபோதுதான் இந்தப் பிரிவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அதற்குள் வீட்டுக்குள்ளேயே நெருப்புப் பிடித்திருந்தது. பென்டியம் 4 வரிசை சூட்டில் தடுமாற, ஏஎம்டியின் ஆப்டெரான் சர்வர் சந்தையைக் கடித்துக்கொண்டிருந்தது. 2005 மே மாதம் தலைமைப் பொறுப்புக்கு வந்த பால் ஒட்டெல்லினி செலவைக் குறைப்பதில் இறங்கினார். 2006இல் 10,500 வேலைகளைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதம் எக்ஸ்ஸ்கேலின் கையடக்கப் பிரிவு, சுமார் 1,400 ஊழியர்களோடு, 60 கோடி டாலருக்கு மார்வெல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் அது நியாயமான முடிவு. கம்ப்யூட்டர் சில்லில் கிடைக்கும் லாபத்தோடு ஒப்பிட்டால், கைப்பேசிச் சில்லில் கிடைத்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஏழு மாதம் கூட ஆகவில்லை. 2007 ஜனவரி 9 அன்று ஆப்பிள் ஐபோனை அறிமுகப்படுத்தியது. உள்ளே சாம்சங் செய்த ஆர்ம் சில்லு. அந்த இடம் இன்டெல்லுக்கே வந்திருக்கலாம் என்பது 2013இல், ஓய்வு பெறும் வேளையில், ஒட்டெல்லினி தி அட்லாண்டிக் இதழுக்கு அளித்த பேட்டியில் தெரியவந்தது. ஆப்பிள் ஒரு விலை சொன்னது, அதற்குமேல் ஒரு காசு ஏறாது என்றது. அந்த விலை, இன்டெல் கணித்திருந்த உற்பத்திச் செலவை விடக் குறைவாக இருந்தது. விற்பனையைப் பெருக்கி ஈடுகட்டிவிடலாம் என்றும் அப்போது தோன்றவில்லை. கணித்த செலவும் தவறாகப் போனது. விற்பனையோ எவரும் நினைத்ததைப் போல் நூறு மடங்கானது. ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உள்ளுணர்வு சொன்னதையும் அவர் மறைக்கவில்லை.

இரண்டாம் முயற்சிக்கு அடிப்படையான வாதம் எளிமையானது. உலகத்து மென்பொருள் எக்ஸ்86இல் இருக்கிறது; இணையமும் அதற்காகவே வளர்ந்தது; ஆகவே எக்ஸ்86ஐ மெலிய வைத்தால் போதும், கையடக்கக் கருவி தானாக வந்து சேரும். 2008 மார்ச்சில் ஆட்டம் என்ற பெயரில் அந்த மெலிந்த சில்லு அறிவிக்கப்பட்டது. ஆஸ்டின் நகரில் வடிவமைத்தது. 45 நானோமீட்டர் முறையில், 25 சதுர மில்லிமீட்டருக்குள் 4.7 கோடி டிரான்சிஸ்டர்கள். மின் செலவைக் குறைக்க, ஆணைகளை வரிசை மாற்றிச் செய்யும் வித்தையையே விட்டுவிட்டு, வந்த வரிசையில் செய்யும் பழைய முறைக்குத் திரும்பியிருந்தார்கள். 0.6 முதல் 2.5 வாட் என்று இன்டெல் அறிவித்தது. ஆனால் பிராசசர் மட்டும் தனியாக ஓடிவிடாது. கூடவே வேண்டியிருந்த துணைச் சில்லு 130 நானோமீட்டர் என்ற பழைய முறையில் தயாரானது. அதுவே பிராசசர் அளவுக்கு மின்சாரம் குடித்தது.

அந்தச் சில்லுக்காக இன்டெல் மனதில் வைத்திருந்த கருவிக்கு மொபைல் இன்டர்நெட் டிவைஸ் என்று பெயர். கைப்பேசியை விடப் பெரிது, மடிக்கணினியை விடச் சிறிது. சட்டைப்பையிலும் அடங்காது, தட்டச்சுக்கும் உதவாது. ஓரிரு நிறுவனங்கள் செய்து பார்த்தன, மக்கள் சீண்டவில்லை. ஆட்டம் பிழைத்தது எதிர்பாராத வேறோர் இடத்தில். ஆசுஸ் 2007இல் தொடங்கிவைத்த ஈ பிசி என்ற சின்ன மலிவுக் கணினியும் அதன் சாயலில் வந்த நெட்புக்குகளும் ஆட்டத்தை அள்ளிக்கொண்டன. ஆட்டத்தின் வெற்றி இவ்வாறு மறுபடியும் கம்ப்யூட்டர் வெற்றியாகவே முடிந்தது.

மென்பொருள் பக்கமும் சறுக்கல். இன்டெல் வளர்த்த மோப்ளின் லினக்ஸும் நோக்கியாவின் மேமோவும் 2010 பிப்ரவரியில் மீகோ என்ற ஒரே அமைப்பாக இணைந்தன. சரியாக ஓராண்டில், நோக்கியா விண்டோஸ் ஃபோன் பக்கம் சாய்ந்தது. 2010 மே மாதம் வந்த மூர்ஸ்டவுன் சில்லுத் தொகுதி, சும்மா கிடக்கும்போது குடிக்கும் மின்சாரத்தை முந்தைய தலைமுறையை விட ஐம்பது மடங்கு வரை குறைத்ததாக இன்டெல் சொன்னது. அதை வைத்து எல்ஜி காட்டிய ஜிடபிள்யூ990 கைப்பேசி கண்காட்சி மேடையோடு நின்றது, கடைக்கு வரவில்லை. விண்டோஸ் ஓடத் தேவையான சில இணைப்புகளை மின்சாரம் மிச்சப்படுத்த நீக்கியிருந்ததால், மூர்ஸ்டவுனில் விண்டோஸும் ஓடாது. எக்ஸ்86 என்றால் எல்லா மென்பொருளும் ஓடும் என்ற மூல வாதமே அங்கே அடிபட்டுப் போனது.

வேறு வழியின்றி ஆண்ட்ராய்டுக்குத் திரும்பினார்கள். 2011 செப்டம்பரில் கூகுளோடு கூட்டு அறிவிப்பு வந்தது. ஆண்ட்ராய்டு செயலிகளில் பெரும்பாலானவை எந்தச் சில்லிலும் ஓடக்கூடியவை. விளையாட்டுகள் போன்றவற்றில் ஒரு பகுதி ஆர்முக்கென்றே தொகுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்காக, ஆர்ம் ஆணையை எக்ஸ்86 ஆணையாக ஓட்டத்திலேயே மொழிபெயர்க்கும் மென்பொருளை இன்டெல் செய்தது. மென்பொருள் பலம் தன்னிடம் என்று நுழைந்த நிறுவனம், எதிராளியின் மென்பொருளுக்கு மொழிபெயர்ப்பாளன் வைக்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தது. மோடத்துக்காக, ஐபோனுக்கு மோடம் வழங்கிவந்த இன்ஃபினியனின் கம்பியில்லாத் தொடர்புப் பிரிவை 140 கோடி டாலருக்கு இன்டெல் வாங்கியது. 2011 ஜனவரியில் அது கைக்கு வந்தது. மறு மாதமே விற்பனைக்கு வந்த புதிய ஐபோன் வகையில் குவால்காம் மோடம் உட்கார்ந்திருந்தது.

எல்லாம் கூடிவந்தது மெட்ஃபீல்டு என்ற சில்லில்தான். 32 நானோமீட்டர், 1.6 கிகாஹெர்ட்ஸ், பிராசசரும் துணைச் சுற்றுகளும் ஒரே சில்லில். அதை வைத்துக் கடைக்கு வந்த உலகின் முதல் கைப்பேசி இந்தியாவில் வெளியானது: லாவா நிறுவனத்தின் சோலோ எக்ஸ்900, 2012 ஏப்ரலில், சுமார் 22,000 ரூபாய்க்கு. இன்டெல்லே செய்து வைத்திருந்த மாதிரி வடிவமைப்பு அது. அதே கைப்பேசிதான் பிரிட்டனில் ஆரஞ்ச் சான் டியாகோ என்ற பெயரில் விற்றது. வேகத்திலும் பேட்டரியிலும் போட்டிக் கைப்பேசிகளுக்கு ஈடு கொடுத்தது. எக்ஸ்86 மின்சாரத்தைத் தின்னும், கைப்பேசிக்கு ஆகாது என்ற நெடுநாள் வாதம் அத்தோடு வலுவிழந்தது. ஆனால் ஈடு கொடுத்தால் போதுமா என்பது வேறு கேள்வி. அன்றைக்கு ஆண்ட்ராய்டு 4.0 வந்து மாதங்கள் ஆகியிருந்தன. எக்ஸ்900 வெளிவந்தது பழைய 2.3 பதிப்போடு.

இதைவிடப் பெரிய குறை எல்டிஇ எனப்படும் நான்காம் தலைமுறை மோடம் இல்லாதது. 2012 செப்டம்பரில் மோட்டோரோலா ஒரே உடலில் இரண்டு கைப்பேசிகளை வெளியிட்டது. ஐரோப்பாவுக்குப் போன ரேசர் ஐயில் 2 கிகாஹெர்ட்ஸ் இன்டெல் சில்லு. எல்டிஇ கட்டாயம் என்று தொலைபேசி நிறுவனங்கள் கேட்ட அமெரிக்காவில் விற்ற ரேசர் எம்மில் குவால்காமின் ஸ்னாப்டிராகன். குவால்காம் மோடத்தையும் பிராசசரையும் ஒரே சில்லாகத் தந்தது. தைவானின் மீடியாடெக் கைப்பேசியின் முழு வரைபடத்தையும் சேர்த்தே மலிவாகத் தந்தது. கைப்பேசி பிராசசரில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸே அந்த ஆண்டு அச்சந்தையிலிருந்து விலகத் தொடங்கியது.

இன்டெல்லிடம் ஒரு பெரிய ஆயுதம் மிச்சமிருந்தது: உலகில் எவரையும் விட முன்னேறிய சில்லு ஆலைகள். 22 நானோமீட்டரில் முப்பரிமாண டிரான்சிஸ்டர் முறையை முதலில் உற்பத்திக்குக் கொண்டுவந்தது அதுதான். மெட்ஃபீல்டு கடைக்கு வந்த அதே 2012 ஏப்ரலில், அந்த 22 நானோமீட்டர் முறை கம்ப்யூட்டர் சில்லுக்குப் போனது; கைப்பேசிச் சில்லுக்கு முந்தைய 32. புது ஆலையில் முதல் விளைச்சல் விலை கூடிய சில்லுக்கு, பழைய ஆலையில் மிச்சம் ஆட்டத்துக்கு என்ற வழக்கம் அங்கே ஊறியிருந்தது. தன் தலையாய பலத்தைத் தேவைப்பட்ட களத்தில் தேவைப்பட்ட நேரத்தில் இன்டெல் இறக்கவில்லை. 22 நானோமீட்டரில் அடியோடு புதிதாக வடிவமைத்த சில்வர்மான்ட் ஆட்டம் 2013இல் வந்தபோது, அந்த முன்னிலையில் பெரும்பகுதி கழிந்திருந்தது.

அந்த ஆண்டு மே மாதம் தலைமை ஏற்ற பிரையன் கிரசானிச், 2014இல் 4 கோடி டேப்லெட்டுகளில் இன்டெல் சில்லு இருக்கும் என்று இலக்கு வைத்தார். சில்வர்மான்ட் கருவோடு வந்த பே டிரெயில் சில்லு விலை உயர்ந்த கருவிகளுக்காக வடிவமைத்தது; அதைச் சுற்றி வைக்க வேண்டிய மின்கட்டுப்பாட்டுச் சில்லு, சுற்றுப் பலகை எல்லாமே ஆர்ம் டேப்லெட்டில் ஆவதை விடக் கூடுதல் செலவு. மலிவு டேப்லெட் செய்பவர் ஏன் அதை எடுக்க வேண்டும்? அந்தக் கூடுதல் செலவை இன்டெல் தானே கொடுத்தது. கொடுத்ததை வருவாயிலிருந்து கழித்து எழுதியது. சீனாவின் ஷென்சென் நகரத்துச் சிறு தயாரிப்பாளர்கள் திரண்டு வந்தார்கள். இலக்கையும் தாண்டி 4.6 கோடி டேப்லெட் ஆனது. மொபைல் பிரிவின் 2014ஆம் ஆண்டு வருவாய் சுமார் 20 கோடி டாலர். நட்டம் சுமார் 420 கோடி. முந்தைய ஆண்டின் நட்டம் 310 கோடிக்கு மேல். சந்தையை இப்படி விலை கொடுத்து வாங்கினால், கொடுப்பது நின்ற அன்றே சந்தையும் போய்விடும் என்பதை அறிய வணிகவியல் படித்திருக்க வேண்டியதில்லை. 2015இல் அந்தப் பிரிவைக் கம்ப்யூட்டர் பிரிவோடு சேர்த்து ஒரே கணக்காக்கிவிட்டார்கள். நட்டம் தனியாகத் தெரிவது நின்றது.

கடைசியாகச் சீனக் கூட்டாளிகளைப் பிடித்தார்கள். 2014இல் ராக்சிப் நிறுவனத்தோடு உடன்பாடு. சிங்குவா யூனிகுரூப்பின் கீழ் ஸ்ப்ரெட்டிரம் நிறுவனத்தை வைத்திருந்த துணை நிறுவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு 150 கோடி டாலர். மோடமும் பிராசசரும் ஒன்றான சோஃபியா என்ற மலிவுச் சில்லு 2015இல் ஆட்டம் எக்ஸ்3 என்ற பெயரில் வந்தது. அதைத் தயாரித்தது இன்டெல்லின் ஆலையல்ல, தைவானின் டிஎஸ்எம்சி. இன்ஃபினியனிடமிருந்து வந்த மோடம் வடிவமைப்புகள் அந்த ஆலைக்கென்றே எழுதப்பட்டிருந்தன. அவற்றைத் தன் ஆலைக்கு மாற்றி எழுத இன்டெல்லுக்கு ஆண்டுகள் பிடித்தன.

2016 ஏப்ரலில் 12,000 வேலைகள் குறைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் சோஃபியாவும், அதற்கு மேல்தட்டில் வரவிருந்த பிராக்ஸ்டனும் கைவிடப்பட்டன. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட்டில், வெளி நிறுவனங்களுக்கு ஆர்ம் சில்லுகளைத் தன் 10 நானோமீட்டர் ஆலையில் செய்து தருவதாக இன்டெல் அறிவித்தது; முதல் வாடிக்கையாளராகச் சொல்லப்பட்டது, மூர்ஸ்டவுன் கைப்பேசியைக் கைவிட்ட அதே எல்ஜி.

மோடம் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. 2016இல் ஐபோன் 7 கைப்பேசிகளில் ஒரு பகுதியில் இடம்பிடித்தது; 2018 ஐபோன்கள் முழுவதிலும் இன்டெல் மோடமே இருந்தது. 2019 ஏப்ரல் 16 அன்று ஆப்பிளும் குவால்காமும் தங்கள் வழக்குகளை முடித்துக்கொண்டன. அதே நாள் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசி மோடத்திலிருந்து விலகுவதாக இன்டெல் அறிவித்தது. ஜூலையில் மோடப் பிரிவின் பெரும்பகுதி, சுமார் 2,200 ஊழியர்களோடும் காப்புரிமைகளோடும், 100 கோடி டாலருக்கு விலைபோனது. வாங்கியது ஆப்பிள்.